பழைய சரக்கும் புதிய விலையும்

2024 செப்டம்பர் திங்களில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வெளிவந்தபோது, காட்டுப்பாக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் என்னை நெருங்கினார். “ஹஜ்ரத்! எண்ணெய்க்கு வரியை ஏற்றிவிட்டார்கள். என்னிடம் இருப்பதோ பழைய வரியில் வந்த சரக்கு. அதைப் புதிய விலைக்கு விற்பது கூடுமா?” என்று வினவினார். மளிகைக் கடைக் கேள்விதான். ஆயினும், அயல்நாட்டுப் பொருளுக்குக் கதவைத் திறப்பதா, தீர்வை விதித்துத் தடுப்பதா என்று அரசுகள் வாதிடும் பெரும் பிரச்சினை அதனுள் அடங்கியிருந்தது.

நம் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1986இல் தொடங்கிய எண்ணெய் வித்துத் திட்டத்தின் பயனாய், 1990களின் தொடக்கத்தில் நாடு ஏறத்தாழத் தன்னிறைவு கண்டது. 1994 முதல் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டது. தீர்வையும் படிப்படியாகக் குறைந்தது. இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பாமாயில் வந்து குவிந்தது. அதன் நன்மையை மறுப்பவர் ஏழையின் அடுப்பங்கரையை அறியாதவர். ஆனால் அந்த மலிவின் சுமையைத் தாங்கியவரும் ஓர் ஏழையே. திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளில் வானம் பார்த்த பூமியில் வேர்க்கடலை விதைக்கும் உழவர்தாம் அவர்.

அவரைக் காக்கவென்றே 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதித் தீர்வையை மத்திய அரசு பூஜ்யத்திலிருந்து 20 விழுக்காடாக உயர்த்தியது.

இத்தகைய தீர்வை இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதிதன்று. முஸ்லிம் வணிகரிடம் பிற நாட்டார் பத்தில் ஒரு பங்கு வசூலித்தபோது, அந்நாட்டு வணிகரிடமும் அவ்வாறே வசூலிக்குமாறு கலீபா உமர் (ரலி) அவர்கள் ஆணையிட்டார்கள். ஆனால் மதீனாவுக்குக் கோதுமையும் எண்ணெயும் கொணர்ந்த நபத்தி வணிகரிடம் இருபதில் ஒரு பங்கே பெற்றார்கள். பருப்பு வகைகளுக்கோ பத்தில் ஒன்று. கோதுமையும் எண்ணெயும் நகருக்கு மிகுதியாக வரவேண்டும் என்பதே நோக்கம் என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா குறிப்பிடுகிறது. ஆட்சியாளர் ஒருவரே, வணிகரும் ஒருவரே, தீர்வை மட்டும் மக்களின் தேவைக்கேற்ப வேறுபட்டது!

ஆகவே, தடையற்ற வணிகமும் தீர்வையும் தம்மளவில் நன்மையுமல்ல, தீமையுமல்ல. சுமை யார் தோளில் ஏறுகிறது, பயன் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதே கேள்வி. உழவர் பெயரால் தீர்வை விதித்தால், அதன் பயன் உழவரைச் சேர்ந்தாக வேண்டும். 2024-25 பருவத்தில் வேர்க்கடலைக்கு அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 6,783 ரூபாய். அவ்விலைக்கு வாங்க ஆள் இருந்தாலன்றோ அது உழவருக்கு விலை! இல்லையேல் அது தாளில் எழுதிய எண்ணே. ஏழைக்கும் வழி செய்தாக வேண்டும். தமிழகத்தின் நியாயவிலைக் கடைகளில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் வழங்கும் சிறப்புத் திட்டம், உழவருக்கான தீர்வை ஏழையின் தலையில் விழாமல் தாங்கும் ஏற்பாடாகும்.

இனி அந்த அன்பரின் கேள்வி. குறைந்த தீர்வையில் வந்த எண்ணெய் சுமார் 30 இலட்சம் டன் இருக்கிறது. அது 45 முதல் 50 நாட்களுக்குப் போதும். ஆதலால் அது தீரும்வரை விலையை ஏற்ற வேண்டாம் என்று அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. நான் சொன்னேன்: “தம்பி! சந்தை விலைக்கு விற்பது ஹராம் என்று நான் சொல்லமாட்டேன். விலை நிர்ணயிக்குமாறு மக்கள் கேட்டபோது அண்ணல் நபி (ஸல்) அவர்களே அதை மறுத்தார்கள். ஆனால் விலை ஏறட்டுமெனச் சரக்கைப் பதுக்குபவன் பாவி என்றும் அவர்களே எச்சரித்தார்கள். நீர் செலுத்தாத வரியை வாங்குபவரிடம் வசூலிப்பது உம் மனசாட்சிக்குச் சம்மதமா?” அவர் பதிலின்றிச் சென்றார்.

2025 மே இறுதியில் அந்தத் தீர்வை 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பயனை முழுமையாக மக்களுக்கு வழங்குமாறு ஜூனில் அரசு அறிவுறுத்தியது. அவர் கடையில் விலை குறையவில்லை. காரணம் கேட்டேன். “பழைய சரக்கு, ஹஜ்ரத்!” என்றவர், அச்சொல் வாயிலிருந்து வந்ததுமே தலை கவிழ்ந்தார்.

ஏறும்போது சரக்குப் பழையதானாலும் விலை புதிது. இறங்கும்போது சரக்கும் பழையது, விலையும் பழையது! தாம் பெறும்போது நிறைவாக அளந்து, பிறருக்குத் தரும்போது குறைப்போரைத் திருமறையின் 83ஆம் அத்தியாயம் ‘முதஃப்பிஃபீன்’ வன்மையாகக் கண்டிக்கிறது. தராசில் கை வைப்பது மட்டுமே அளவு மோசடி என்று எண்ணிவிடலாகாது. இரண்டு நியாயங்களை வைத்திருப்பதும் இரண்டு படிகளை வைத்திருப்பதேயாகும்.

விலை ஏறுமென்று கேட்டவுடன் டின் டின்னாக வாங்கி அடுக்கும் நம் இல்லங்களும் இதைச் சிந்திக்கட்டும். தீர்வையின் அளவு நம் கையில் இல்லை. படியின் அளவு நம் கையில்தான் இருக்கிறது. அதை நேராகப் பிடிக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.