விடை தெரியாத சோதனை

சென்ற தவணையில் எமது ஆய்வுகூடத்திலே ஒரு நிகழ்ச்சி. ஊசலைத் தொங்கவிடு முன்னரே மாணவன் ஒருவன் புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.8 என்று கொப்பியில் எழுதிவைத்திருந்தான். கடிந்தோம். "வேறு விடை வந்தால் புள்ளி குறையுமே, சேர்!" என்றான். எம்மால் மறுமொழி கூற இயலவில்லை. அவன் வயதில் நாமும் அவ்வாறே செய்தோம். ஆசிரியரான பின்னரும், விடை தெரியாத சோதனை ஒன்றையேனும் நாம் செய்ததில்லை.

அமெரிக்காவில் இக்குறையைப் போக்க ஒரு வழி கண்டனர். அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான நிதியம் 2001 ஆம் ஆண்டளவில், ஆசிரியர்க்கு ஆராய்ச்சி அனுபவம் அளிக்கும் திட்டமொன்றைத் தொடக்கிற்று. விஞ்ஞானம், கணிதம், தொழினுட்பம் கற்பிப்போர் கோடை விடுமுறையில் ஏறக்குறைய ஆறு வாரம் சர்வகலாசாலை ஆய்வுகூடங்களிலே தாமே மாணாக்கராயினர். அங்கே கற்றதைப் பாடமாக வகுத்துத் தம் வகுப்பறைக்குக் கொண்டுசென்றனர்.

இவற்றுட் சில, நவீன உற்பத்தி முறைகளைப் பற்றியவை. முப்பரிமாண அச்சு இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் இழை ஏறக்குறைய 200 பாகை செல்சியசில் உருகி, நுண்துளை வழியே வெளிவந்து, ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கு கனமுள்ள படைகளாக ஒன்றன்மேல் ஒன்று படிகின்றது. ஸ்கொட் கிரம்ப் என்பவர் இம்முறைக்கு 1992 இல் ஆக்கவுரிமை பெற்றார்.

ஒரே அளவான இரு கீலங்களை, ஒன்றைப் படுத்தவாறும் மற்றதை நின்றவாறும் அச்சிட்டு, இழுத்துப் பார்த்தால், நின்றவாறு அச்சிட்டதே பெரும்பாலும் முந்தி முறியும். படைகளுக்கிடையேயுள்ள பிணைப்பு வலிமை குன்றியதே காரணம். வெப்பநிலையைச் சிறிது கூட்டினால் எவ்வளவு வலிமை ஏறும்? கையிலுள்ள அந்த இயந்திரத்துக்குரிய விடை எப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் இல்லை. அளந்தே அறிதல் வேண்டும். பிழைத்தால் மீண்டும் அளத்தல் வேண்டும். அத்தடுமாற்றத்தைத் தாமே அனுபவித்த ஆசிரியர், மாணவனின் தடுமாற்றத்தைக் குற்றமாகக் கருதார்.

அத்தகைய இயந்திரம் எம்மிடம் இல்லை. ஆயினும் தும்புக் கயிறும் விற்றராசும் உண்டு. நனைந்த கயிறு எத்துணைப் பாரம் தாங்கும், உலர்ந்தது எத்துணை தாங்கும் என்று அடுத்த தவணையில் அளக்க எண்ணியுள்ளோம். விடை எமக்கும் தெரியாது என்பதை முதல் நாளே வகுப்பிற் சொல்லிவிடுவோம். அளந்ததை அளந்தவாறே எழுதுவோனுக்கே முழுப் புள்ளி. அந்த மாணவனுக்கும் இதை அறிவித்துவிட்டோம்.