விளையாட்டாய் வரட்டுமே இங்கிலீஷ்!

சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, "பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வர வேண்டுமென்றால் சின்ன வகுப்பிலேயே டியூஷன் வைத்துவிட வேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாத வீட்டில் வேறு வழியே இல்லை" என்று எழுதியிருந்தார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. நானும் அப்படி நினைத்தவள்தான். ஆனால் அந்தக் கடைசி வரி மட்டும் மனசைக் குத்திவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலக் கட்டுரைகளை நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் பண்ணி, ஒரு வார்த்தை மறந்தால் அடுத்த வரியே வராமல் தவித்து, எப்படியோ பாஸ் செய்தேன். யாராவது ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன்.

என் மகள் ஆங்கில வழியில் படிக்கிறாள். போன வருஷம் நான்காம் வகுப்பில் இருந்தபோது, எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கத்திக்கு ஆங்கிலத்தில் 'நைஃப்' அல்லவா? அதை 'க்னைஃப்' என்று வாசித்துவிட்டாள். முதல் எழுத்து 'கே' என்று இருந்தால் குழந்தை என்ன செய்யும்? வகுப்பே சிரித்திருக்கிறது. சாயந்திரம் வந்து என்னிடம் சொன்னபோது, அவள் மனசு தெரியாமல் நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அன்றையிலிருந்து, வாசிக்கிற பீரியட் உள்ள நாளெல்லாம் காலையில் வயிற்று வலி. டாக்டரிடம் கூட்டிப் போனோம். "வயித்துல ஒண்ணும் இல்லைம்மா. ஸ்கூல்ல ஏதாவது பயமான்னு விசாரிங்க" என்றார். ராத்திரி பக்கத்தில் படுக்க வைத்துக் கேட்டேன். "பேசினாத்தானேம்மா தப்பு வரும்? பேசாமயே இருந்துட்டா?" என்றாள். எனக்குத் தூக்கமே வரவில்லை. அது அவள் பேச்சா? இத்தனை வருஷமாக நான் செய்துகொண்டிருப்பதுதானே!

அவளுக்கு அவள் பாட்டியோடு தாயம் ஆடப் பிடிக்கும். காய் வெட்டுப்பட்டால் அழமாட்டாள். "அடுத்த ஆட்டத்துல பாரு பாட்டி" என்று மறுபடி உருட்டுவாள். பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒருநாள் தோன்றியது. ஆட்டத்தில் தோற்றால் வராத வெட்கம், வகுப்பில் ஒரு வார்த்தை தப்பானால் மட்டும் ஏன் வருகிறது? ஆட்டத்தில் தப்புக்குத் தண்டனை ஒரு காய்தான். அடுத்த நிமிஷமே மறுபடி வாய்ப்பு உண்டு. இங்கிலீஷையும் அப்படி ஆக்கினால் என்ன?

முதலில் ஒளித்து வைத்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஒரு புளியங்கொட்டையை ஒருவர் ஒளித்து வைக்க வேண்டும். தேடுகிறவர் எழுந்து தேடக் கூடாது, ஆங்கிலத்தில் கேட்கத்தான் வேண்டும். "இஸ் இட் அண்டர் த காட்?" "நோ, இட் இஸ் நாட்." "இஸ் இட் இன் த பாக்ஸ்?" இவ்வளவுதான். எனக்கே தெரிந்த ஆங்கிலம். நாம் 'கட்டிலுக்குக் கீழே' என்று கட்டிலை முதலில் சொல்கிறோம். அவர்களுக்கோ 'கீழே' முன்னால் வர வேண்டும். இலக்கணப் புத்தகத்தைப் பார்த்து எழுதி எழுதி அவளுக்கு இது பிடிபடவில்லை. ஒரு ஆட்டத்தில் அதே கேள்வியை இருபது தடவை கேட்கிறாளே, சலிக்கவே இல்லை. நோட்டில் பத்துத் தடவை எழுதச் சொன்னால் கை வலிக்கிறது என்பாள்!

என் மாமியார், "படிக்கிற நேரத்துல என்னம்மா ஆட்டம்?" என்று முணுமுணுத்தார். பத்து நாள் கழித்துப் பார்த்தால், புளியங்கொட்டையைத் தன் வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, "நோ! இட் இஸ் நாட்!" என்று பேத்தியை அலைக்கழித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது பாண்டி. கட்டங்களில் சாக்பீஸால் ஆங்கில எழுத்துகளை எழுதினோம். எந்தக் கட்டத்தில் கால் வைக்கிறாளோ, அந்த எழுத்தில் தொடங்கும் வார்த்தை ஒன்று சொல்ல வேண்டும். 'கே' கட்டத்தில் மட்டும் ஒரு தனி விதி. வாய் திறக்காத 'ஊமை கே' உள்ள வார்த்தை சொன்னால் இரண்டு புளியங்கொட்டை கூடுதல். நைஃப், முழங்காலுக்கு 'நீ', முடிச்சுக்கு 'நாட்', கதவைத் தட்ட 'நாக்'. எந்த எழுத்து அவளை அழ வைத்ததோ, அதையே இப்போது தேடித் தேடிப் பிடிக்கிறாள்.

என் தம்பி வீட்டில் ஸ்கிராபிள் என்ற விளையாட்டைப் பார்த்தேன். எழுத்து வில்லைகளைச் சேர்த்து வார்த்தை அமைப்பது. ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், 1930-களில் அங்கே பொருளாதாரம் சரிந்து வேலை போன காலத்தில் உருவாக்கியது. செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்தாராம். அடிக்கடி வரும் 'ஈ'க்கு 12 வில்லைகள், மதிப்பு 1. அபூர்வமாக வரும் 'க்யூ'வும் 'இசட்'டும் ஒவ்வொன்றுதான், மதிப்பு 10. மொத்தம் 100 வில்லைகள். நான் கடையில் வாங்கவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி நானே செய்துவிட்டேன். எங்கள் வீட்டு ஆட்டத்தில் அகராதி பார்க்கலாம். அதுவரை தூசி படிந்து கிடந்த அகராதியை அவளாகவே எடுத்துப் புரட்டுகிறாள்.

அனுபவத்தில் கற்றுக்கொண்டது மூன்று. ஒன்று, ஆட்டத்தின் நடுவே திருத்தாதீர்கள். தப்பாகச் சொன்னால், நம் முறை வரும்போது அதையே சரியாகச் சொன்னால் போதும். தானாகவே மாற்றிக்கொள்கிறார்கள். இரண்டு, மார்க்கோடு முடிச்சுப் போடாதீர்கள். "நல்லா ஆடினா பரீட்சையில நூறு வாங்கலாம்" என்று சொன்ன நிமிஷமே அது பாடமாகிவிடும். மூன்று, நீங்களும் ஆடுங்கள், தோற்றுப் போங்கள். அம்மாவும் தப்பு செய்வாள், அதனால் ஒன்றும் ஆகிவிடாது என்று குழந்தை பார்க்க வேண்டும். ஆங்கிலம் தெரியாத அம்மாவால் முடியாது என்று யார் சொன்னது? இந்த ஒரு பாடத்தை நடத்த நம்மை விடத் தகுதியான ஆள் யார்?

"செல்போனில்தான் இங்கிலீஷ் விளையாட்டு நிறைய இருக்கே" என்பீர்கள். நானும் போட்டுக் கொடுத்தேன். போன் பேசுகிறது, பிள்ளை விரலால் தொடுகிறது. அதோடு சரி. எதிரில் ஆள் இருந்து பதில் கேட்டால்தானே வாய் திறக்கும்?

இது நான் கண்டுபிடித்த புதுமையும் இல்லை. விளையாட்டும் செயல்பாடுமாகப் பாடம் நடத்தும் 'செயல்வழிக் கற்றல்' 2003-லேயே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளுக்கு வந்தது. 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பாட்டு, கதை, விளையாட்டு உண்டு. ஆனால் நாம் கடன் வாங்கிப் பணம் கட்டிச் சேர்க்கிறோமே, அந்தப் பள்ளிகள் சிலவற்றில் என்ன நடக்கிறது? என் மகளின் பள்ளியில் தமிழில் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம். அபராதத்துக்குப் பயந்து பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவதில்லை, வாயை மூடிக்கொள்கிறார்கள். வாரத்தில் ஒரு பீரியடாவது மார்க் இல்லாமல், சிரிப்பார்களோ என்ற பயம் இல்லாமல், ஆங்கிலத்தில் விளையாட விடுங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் நாம்தான் கேட்க வேண்டும். நான் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். நாலு அம்மாக்கள் சேர்ந்து கேட்டால் பார்க்கத்தானே வேண்டும்?

விளையாட்டினால் என் மகள் ஆங்கிலத்தில் முதல் மார்க் வாங்கிவிடவில்லை. போன பரீட்சையில் 54-தான். எழுதியும் படிக்கவும்தான் வேண்டும், அதை இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வயிற்று வலி போய்விட்டது. வாசிக்க அவளாகவே கை தூக்குகிறாள். ஒரு வார்த்தையில் தடுக்கியபோது சிரித்த பையனிடம், "சிரிக்காதடா, அதுல கே ஊமை" என்றாளாம்!

கடைசியாக என் கதை. போன வாரம் பேங்குக்குப் போயிருந்தேன். தமிழ் தெரியாத அதிகாரி, பாஸ்புக் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். வழக்கமாக அக்கம்பக்கம் ஆள் தேடுகிறவள், "இட் இஸ் அண்டர் த ஃபார்ம், சார்" என்று பளிச்சென்று சொல்லிவிட்டேன். அவர் பாரத்தைத் தூக்கினார். கீழே பாஸ்புக் இருந்தது. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். இரண்டு புளியங்கொட்டையை எடுத்து என் கையில் வைத்தாள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்