கேரம் போர்டை நகர்த்தி இடம் கொடுங்கள்

பல ஆண்டுகளாக ஐதராபாத்தில் நடந்துவந்த இந்திய கேம் டெவலப்பர் மாநாடு 2025-இல் சென்னைக்கு வந்தது. நவம்பர் 6 முதல் 8 வரை, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். சென்னைக்கு வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நந்தம்பாக்கத்தோடு நின்றதில் எரிச்சல். என்னை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு இந்த எரிச்சல் புதிதல்ல. சென்னைக்கு வருகிற நல்லதெல்லாம் கூவத்துக்குத் தெற்கேயே இறங்கிக்கொள்கிறது. எங்கள் வடசென்னைப் பக்கம் வருவது கன்டெய்னர் லாரி, அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூருக்கு வந்த எண்ணெய். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததை மறக்கவில்லை. ஆனால் அந்த ரயிலில் ஏறி தெற்கே போகத்தான் எங்களுக்குக் காரணங்கள் இருக்கின்றன. அங்கிருந்து வடக்கே வர யாருக்கும் காரணம் இல்லை.

எதிர் வீட்டுப் பையன் இரவு வேலை முடிந்து வந்து ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறான். காசிமேட்டு மீன் ஏலக்கூடம்தான் களம். விடியற்காலையில் படகு வரும், கூடை இறங்கும், விலை ஏறும். கம்பெனி இல்லை, முதலீடு இல்லை, ஒரு பழைய லேப்டாப். அவன் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “இதுவும் ரம்மி மாதிரியாண்ணா?” அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் எத்தனையோ வீடுகளைக் கெடுத்த பிறகுதான் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைத் தடை செய்தது. மகன் செய்வது வேறு என்று அந்த அம்மாவுக்கு நான் சொல்லிப் புரியவைக்க முடியாது. நாலு பேர் அதை ஆடி ரசிப்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

டொரொண்டோவின் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023-இல் ‘வெண்பா’ என்ற கேமை வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகம், இட்லியில் தொடங்கும் ஆட்டம். 2024-இல் சுயாதீன கேம் விழாவின் முதல் பரிசும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன. அடுப்படியிலிருந்து ஒரு கேம் வரலாம் என்றால் ஏலக்கூடத்திலிருந்தும் வரலாம்.

அதை ஆடிப் பார்க்க நாலு பேர் எங்கே கிடைப்பார்கள் என்று யோசித்தேன். மனசு எங்கள் பக்கத்துக் கேரம் கிளப்புகளுக்குப் போய்விட்டது.

சென்னைக்காரர் மரிய இருதயம் 1991, 1995 என இரண்டு முறை கேரம் உலகச் சாம்பியன். வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலகச் சாம்பியன். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரிலிருந்து, ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். நம் கேரம் போர்டு ‘வடசென்னை’யில் திரைக்கு வந்தபோது ஜெயிலுக்குள் இருந்தது. படம் நல்ல படம்தான். ஆனாலும் அந்தப் போர்டு காசிமாவைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தை எந்தக் கேமராவும் அதே ஆசையோடு காட்டவில்லை என்ற வருத்தம் எனக்குப் போகாது.

இந்தச் சாம்பியன்களை வளர்த்தவை ஒற்றை அறைக் கிளப்புகள். போர்டுக்கு மேல் தொங்கும் விளக்கு, பவுடர் வாசனை, சுவரில் காலமானவர் படம், அவர் பெயரில் நினைவுக் கோப்பை. போட்டி வந்தால் யார் யாரோடு மோதுவது என்று டிரா எழுதி ஒட்டிவிடுவார்கள். ஒரு கேம் என்றால் 25 பாயின்ட் அல்லது எட்டு போர்டு. அது முடிந்ததும் எழுந்துவிட வேண்டும், அடுத்தவர் உட்கார வேண்டும். சுற்றி நிற்கும் கூட்டம் முன்பின் தெரியாதவனையும் ஆடவிட்டுப் பார்க்கும். ரெட் காயைப் போட்டுவிட்டு, அடுத்துப் போட வேண்டிய ஃபாலோவைத் தவறவிட்டவனிடம் எங்கே தப்பு என்று அங்கேயே சொல்லிவிடும்.

கேம் செய்கிறவனுக்கு வேண்டியதும் இந்தக் கூட்டம்தான். நண்பன் ஆடினால் “சூப்பர்” என்பான். முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். எந்தப் பட்டனைத் தேடுகிறார், எங்கே சலித்துப்போய்க் கையை எடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஏலக்கூட கேமை மீன் வாங்கி விற்கும் ஒரு அக்கா பத்து நிமிஷம் ஆடினால் போதும், விலை ஏறும் விதம் சரியா தப்பா என்று சொல்லிவிடுவார். நந்தம்பாக்கத்தில் அந்த அக்காவைப் பார்க்க முடியாது.

இதற்கு வர்த்தக மையம் வேண்டாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள கிளப் செயலாளர்களைக் கேட்கிறேன்: பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு, போர்டுகளைச் சுவரோரம் நகர்த்தி, இந்தக் கேம்களை ஆடிப் பார்க்க நாலு மேஜை போட இடம் கொடுங்கள். பிளக் பாயின்ட் போதாவிட்டால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நாங்கள் கொண்டுவருகிறோம். ஆளுக்குப் பத்து நிமிஷம், டிரா எழுதுவது உங்கள் பொறுப்பு. நுழைவுக் கட்டணம் வேண்டாம். பணம் வைத்து ஆடும் எதையும் உள்ளே விடக் கூடாது. கேம் செய்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, பாதி முடித்திருந்தாலும் கொண்டுவாருங்கள், அம்மாவையும் கூட்டிவாருங்கள். இடம் தரும் கிளப் எதுவோ அது இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதட்டும். கரண்ட் பில்லும் டீச்செலவும் என்னுடையது.