இலக்கியமும் வியாசப் பயிற்சியும்

உழாத நிலத்தில் இட்ட வித்தும், வித்திடாமல் உழுத உழவும் ஒருங்கே வீணாம். கற்றலும் எழுதுதலும் அத்தன்மையனவே. அமெரிக்க ஐக்கிய நாட்டு உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் 11-ஆம் வகுப்பு மாணாக்கர் தம் நாட்டு இலக்கியத்தையும் வியாசம் வரையும் பயிற்சியையும் ஒரே பாடமாகக் கற்று வருகின்றனர். இவ்விணைப்பு நன்றே என்பது நம் துணிபு. ஆயினும், இணைக்கும் முறையைக் குறித்துச் சில கூற விழைகின்றோம்.

இவ்வழக்கம் வேரூன்றியது பரீட்சையினாலேயாம். 1874-ஆம் ஆண்டில் ஹார்வர்ட் கலாசாலையார், தம்பால் சேர விரும்புவோர் குறித்த சில நூல்களினின்றும் எடுத்த பொருள்பற்றிச் சிறு வியாசம் எழுதிக் காட்டவேண்டுமென விதித்தனர். அந்நூல்களோ ஷேக்ஸ்பியர், கோல்ட்ஸ்மித், ஸ்காட் என்னும் பிரிட்டானியப் புலவர் இயற்றியவை. கலாசாலைகள் வகுத்த இத்தகைய பட்டியல்களுக்குப் பள்ளிகள் கட்டுண்டு கிடத்தலைப் பொறாத ஆசிரியர்கள், 1911-இல் தமக்கென ஒரு தேசிய மன்றம் கண்டனர். காலம் செல்லச் செல்ல அந்நாட்டு நூல்களும் பாடத்தில் சிறப்பிடம் பெற்றன. பரீட்சையின் நிழல் மட்டும் அகன்றிலது. முன்னுரை ஒரு பத்தி, பொருளுரை மூன்று பத்தி, முடிவுரை ஒரு பத்தி என்னும் ஐம்பத்தி அச்சில் எந்நூலையும் வார்த்தெடுக்க மாணாக்கர் பலர் பழக்கப்படுகின்றனர்.

அம்மாணாக்கர் கற்கும் ஆசிரியர்களோ எழுதப் பயின்ற வழி வேறு. பெஞ்சமின் பிராங்க்ளின் இளமையில் அச்சுக்கூடத் தொழில் பயின்றவர். 'ஸ்பெக்டேட்டர்' என்னும் ஆங்கிலத் தாளின் வியாசங்களைப் படித்துக் குறிப்பெடுப்பார். சின்னாள் கழித்து, நூலைப் பாராது அக்குறிப்புகளைத் தம் சொல்லால் விரித்தெழுதுவார். பின் மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் தாமே திருத்துவார். அடிமையாய்ப் பிறந்த பிரடெரிக் டக்ளஸோ, கப்பல் கட்டுமிடத்தில் மரங்களின்மீது தச்சர் இட்ட எழுத்துக்களைக் கண்டு எழுதக் கற்றார். வேலியும் சுவரும் அவர்க்கு ஏடு, சுண்ணக்கட்டியே எழுதுகோல். 1838-இல் தப்பியோடி விடுதலையுற்ற அவர், 1845-இல் தம் சரித்திரத்தை வெளியிட்டு உலகின் மனச்சான்றைத் தட்டியெழுப்பினார். அவருக்குச் சொல்லவேண்டிய பொருள் ஒன்று இருந்தது. அதுவே அவர் நடைக்கு உயிர் தந்தது.

தொடக்கத்தார்க்கு ஓர் ஒழுங்கு வேண்டாவோ எனச் சிலர் வினவலாம். வேண்டும் என்பதை நாம் மறுக்கின்றிலேம். வீடு கட்டுதற்குச் சாரம் இன்றியமையாதது. ஆனால், சுவர் எழுந்த பின்னும் சாரத்தை அவிழாது விடுவார் உளரோ? டக்ளஸின் சரித்திரத்தைப் படித்த மாணாக்கன் அவர் நடையின் அணிகளை எண்ணிக் காட்டுவதோடு நில்லாமல், தான் கண்ட அநீதி ஒன்றைத் தன் சொல்லால் எடுத்துரைப்பானாக. அதனை ஆசிரியர் திருத்துக. திருத்தியதை அவன் மீண்டும் எழுதுக. பிராங்க்ளின் கண்ட பயன் இம்மறுமுறை எழுத்திலேயே உளது.

இதற்குக் காலமும் உழைப்பும் வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட மாணாக்கரின் ஏடுகளைத் திருத்தும் ஆசிரியர்க்கு அச்சில் வார்த்த வியாசமே எளிது என்பதையும் நாம் அறிவோம். ஆதலின், குறை ஆசிரியர்மீது மட்டும் சார்த்தற்பாலதன்று. வகுப்பைச் சிறிதாக்கி அவர்க்கு ஓய்வளித்தல் பள்ளியை நடத்துவோர் கடன். பிறர் நூலைக் கற்றும் தன் நெஞ்சைத் திறந்து ஒரு பக்கம் எழுதமாட்டாதவன், பரீட்சையில் தேறினும் கல்வியில் தேறினான் அல்லன்.