இது யாருடைய படம்?

சித்திரத்தைப் பற்றி நம்முடைய வீடுகளில் வழங்கும் புகழ்மொழி ஒன்றே ஒன்றுதான்: "அப்படியே இருக்கிறது!" மாம்பழத்தை வரைந்தால் மாம்பழம் அப்படியே இருக்க வேண்டும். தாத்தாவை வரைந்தால் அவருடைய மீசை அப்படியே இருக்க வேண்டும். ரவிவர்மாவின் லக்ஷ்மியைப் பார்த்து வரைந்தாலோ, தாமரையும் யானையும் ஒரு மயிரிழை பிசகாமல் அப்படியே இருக்க வேண்டும். இவ்வளவையும் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு, அதே வாயினால், "சொந்தமாக ஒன்றும் வரையத் தெரியாதா?" என்றும் கேட்டு விடுகிறோம். குழந்தைகள் பாடு திண்டாட்டந்தான்!

இந்தத் திண்டாட்டத்தில் ஒரு குடும்பமே அகப்பட்டுக்கொண்டு தவித்ததைச் சென்ற ஆடி மாதம் போத்தனூரில் நாம் கண்டோம். போத்தனூரைப் பற்றி நேயர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோயமுத்தூருக்கு ரயில் வருமுன்பே ரயில் வந்துவிட்ட ஊர் அது. 1862-ல் சென்னையையும் மேற்குக் கரையையும் இணைத்த இருப்புப் பாதை போத்தனூர் வழியாகத்தான் போயிற்று. அந்தப் பெருமையை அவ்வூர்வாசிகள் இன்னும் மறக்கவில்லை. நம்மையும் மறக்க விடுவதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருப்பதால், ஆடி மாதத்தில் மலையாளத்துக் காற்று முழுவதும் டிக்கட் வாங்காமலே அங்கே வந்து இறங்குகிறது.

அங்கே ரயில்வே சிக்னல் பட்டறையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் குமாரிக்குப் பதினைந்து வயது. ஊரில் ஒரு சித்திரப் போட்டி நடக்க இருந்தது. "சொந்தக் கற்பனையாக இருக்க வேண்டும்" என்பது அதன் நிபந்தனை. அந்தப் பெண் டச்சு ஓவியர் வான் கோவின் படங்களில் மனத்தைப் பறிகொடுத்தவள். ஆகவே, வீட்டுக்குப் பின்னால் உள்ள தென்னந்தோப்பு ஆடிக் காற்றில் சாய்ந்து ஆடுவதை, வான் கோவின் பாணியில், குழம்புபோல் கெட்டியான வர்ணத்தைத் தீற்றித் தீற்றி வரைந்திருந்தாள். பக்கத்து வீட்டு உபாத்தியாயர் அதைப் பார்த்துவிட்டு, "இது காப்பி, அனுப்பினால் மோசடி" என்று தீர்ப்புக் கூறிவிட்டார்.

நண்பருக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. விஷயம் போட்டியோடு நிற்கவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கலைக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவர் வரைந்ததைப் பார்த்து வரைவதுதான் அவளுடைய சாமர்த்தியம் என்றால், அதை நம்பி எந்தத் தகப்பனார் அனுப்புவார்?

"ஏனுங்க, இது எங்க புள்ள வரைஞ்ச படமுங்களா, அந்த வெள்ளைக்காரன் வரைஞ்ச படமுங்களா? நீங்களே சொல்லுங்க" என்றார் அவர்.

"அவன் எப்பொங்க நம்ம ஊருக்கு வந்தான்? நம்ம தோப்பத்தானுங்க வரைஞ்சிருக்கறா!" என்று அம்மாள் உள்ளேயிருந்து பதில் கொடுத்தாள். இந்தப் பதிலில் கலா விமரிசனம் எவ்வளவு இருந்தது என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

படத்தைப் பார்த்தோம். தென்னை மரங்கள் உண்மையிலேயே சாய்ந்தன. ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சீறின. காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது என்கிறார்களே, அந்தப் படத்தில் பார்க்க முடிந்தது. ஆனால் மேலே, ஆகாயத்தில், பதினொரு நட்சத்திரங்கள் சக்கரம் சக்கரமாகச் சுழன்றன. ஓர் இளம்பிறையும் இருந்தது. இடது பக்கத்து மூலையில் கரும்பச்சை நிறத்தில் ஊசிபோல் ஒரு மரம் ஓங்கி நின்றது.

"இது என்ன மரம், அம்மணி?" என்று கேட்டோம்.

"ஸைப்ரஸுங்க."

"உங்கள் தோப்பில் இருக்கிறதா?"

"இல்லீங்க."

"ஆடி மாதத்தில் போத்தனூர் ஆகாயத்தில் இத்தனை நட்சத்திரங்கள் தெரிந்தனவா?"

"இல்லீங்க, மப்பாத்தான் இருந்துச்சு. ஆனா, இதையெல்லாம் போடாட்டி வான் கோ மாதிரின்னு யாருக்குமே தெரியாதுங்களே!"

நேயர்களே, பெரிய பெரிய கலா சாஸ்திரிகள் எழுதிக் குவித்திருப்பதை எல்லாம் இந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அவள் படத்தில் இரண்டு விதமான சங்கதிகள் இருந்தன. தென்னை சாய வேண்டியிருந்ததால் சாய்ந்தது. அதைச் சாய்க்கும் வித்தையை மட்டும் அவள் குருவிடம் வாங்கிக்கொண்டாள். நட்சத்திரங்களும் ஸைப்ரஸும் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பார்ப்பவர்கள் குருவை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக அவை வந்து உட்கார்ந்துகொண்டன. முன்னது அவளுடையது, பின்னது இரவல். ஒரு பாணியைப் பின்பற்றி வரைந்த படம் யாருடையது என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு கோட்டையும், "நீ பொருளுக்காக வந்தாயா, பெயருக்காக வந்தாயா?" என்று கேட்டால் போதும்.

அந்த ஸைப்ரஸின் பூர்வோத்தரத்தையும் சற்றுக் கவனிப்போம். வான் கோ 1853-ல் பிறந்து 1890-ல் மறைந்தவர். 1888-ல் தெற்குப் பிரான்ஸில் ஆர்ல் என்னும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பிரதேசத்தில் 'மிஸ்த்ரால்' என்று ஒரு பேய்க்காற்று உண்டு. படச் சட்டத்தை முளையடித்துத் தரையோடு கட்டிவிட்டு அவர் வரைய வேண்டியிருந்தது. மறு வருஷம் ஜூன் மாதம், ஸான் ரெமி என்னும் ஊரில் மனநோய் விடுதியில் இருந்தபோது, ஜன்னல் வழியே கண்ட ஆகாயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, 'நட்சத்திர இரவு' என்ற உலகப் பிரசித்தமான படத்தைத் தீட்டினார். ஸைப்ரஸ் அந்த நாட்டில் வயலோரங்களில் நிற்கும் சாதாரண மரம். அவருக்கு அது சொந்த மரம். நமக்குத்தான் அது விலாசச் சீட்டு.

உபாத்தியாயர் இன்னொன்றையும் தெரிந்துகொண்டால் நல்லது. வான் கோவே பிறரைப் பார்த்து வரைந்தவர்! 1887-ல் பாரிஸில் இருந்தபோது, ஹிரோஷிகே என்ற ஜப்பானிய ஓவியரின் மரச்செதுக்குப் படங்களைப் பார்த்துத் தைல வர்ணத்தில் எழுதினார். ஸான் ரெமியில், பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் குடியானவர் படங்களைப் பார்த்து இருபதுக்கு மேல் வரைந்தார். அவர் கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் படங்கள். வர்ணம் முழுவதும் அவர் போட்டது. இதைப் பற்றித் தம் சகோதரருக்கு எழுதுகையில், பீத்தோவன் இயற்றியதை ஒரு வித்துவான் தம் மனோபாவத்தைச் சேர்த்து வாசிப்பதுபோல ஓவியனும் ஏன் செய்யக்கூடாது என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார்.

தமிழர்களாகிய நமக்கு இது உடனே விளங்க வேண்டும். தியாகையரின் கீர்த்தனத்தைப் பாடும் பாடகரை, "காப்பியடிக்கிறார்" என்று யாராவது சொல்லுகிறோமா? சிஷ்யன் முதலில் குருவின் பாடாந்தரத்தை அட்சரம் பிசகாமல் கற்றுக்கொள்ளுகிறான். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் ஆலாபனையில் குருவின் பிருகாக்களையே ஒப்பித்துக்கொண்டு, அவருடைய இருமலையும் சேர்த்து இருமினால், சபையார் சிரிக்கிறார்கள். அந்தப் படத்தில் ஸைப்ரஸ் மரம் குருவின் இருமல்!

மற்றொரு பேதத்தையும் நாம் மறந்துவிடக் கூடாது. பார்த்து வரைந்து, "இது இன்னார் படத்தின் பிரதி" என்று சொன்னால் அது அப்பியாசம். பார்த்து வரைந்து, இன்னாருடைய கையெழுத்தையும் போட்டு விற்றால் அது மோசடி. இன்னாரிடம் கற்ற வித்தையினால் தன் கண்ணெதிரே உள்ளதை வரைந்தால் அது படைப்பு. நம் நாட்டின் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டமும் வரைந்த படத்துக்குத்தான் பாதுகாப்பு அளிக்கிறது, பாணிக்கு அல்ல. ஓவியர் காலமாகி அறுபது வருஷம் ஆனபின் படத்தின் உரிமையும் தீர்ந்துபோகிறது. ஆனால், சட்டம் விட்டாலும் மனச்சாட்சி விட வேண்டுமே!

"மேனாட்டார் பாணி நமக்கு எதற்கு?" என்று கேட்கும் தேசபக்தர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை தேடிக் கொங்கு நாட்டுக்கு வெளியே போக வேண்டாம். கே. ஸி. எஸ். பணிக்கர் 1911-ல் கோயமுத்தூரில் பிறந்தவர். தகப்பனார் இறந்தபின் குடும்பத்தைத் தாங்குவதற்காகப் படிப்பை நிறுத்தித் தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். தூரிகையை மட்டும் விடவில்லை. இருபத்தைந்தாவது வயதில், 1936-ல், சென்னை அரசாங்கக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அங்கே தலைமை வகித்தவர் தேவி பிரஸாத் ராய் சௌதுரி. சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவரே. பணிக்கர் அதே பள்ளியில் ஆசிரியராகி, 1957-ல் ராய் சௌதுரிக்குப் பிறகு தலைமைப் பதவியை அடைந்து, பத்து வருஷம் வகித்தார்.

பணிக்கரின் ஆரம்ப காலத்துப் படங்களில் மேனாட்டுச் சாயல் தாராளமாக உண்டு. வெளிச்சத்தையும் வர்ணத்தையும் கையாளுவதில், வான் கோ முதலானவர்களிடம் அவர் பாடம் கேட்டிருக்கிறார் என்பது பார்த்தவுடனே தெரியும். 1954-ல் லண்டன், பாரிஸ் முதலிய நகரங்களில் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். திரும்பி வந்தபின் அவருடைய தேட்டம் மேலும் மேலும் நம் நாட்டின் பழஞ் சரக்குகளை நோக்கித் திரும்பியது. 1963-ல் தொடங்கி 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தீட்டினார். முதலில் கணிதக் குறிகள், ரோமன் எழுத்துக்கள். போகப் போக மலையாள எழுத்துக்கள், ஜாதகக் கட்டங்கள். நம் வீட்டுப் பரண்மேல் கிடக்கும் ஜாதகக் கட்டையும் ஏட்டுச் சுவடியையும் நினைவூட்டும் படங்கள் அவை. அந்த எழுத்துக்களைக் கூட்டிப் படிக்க முயன்றால் அர்த்தம் கிடைக்காது, கண்ணுக்குத்தான் அர்த்தம்.

இதில் மேனாட்டார் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. படத்தில் கோட்டுக்கும் வர்ணத்துக்கும் தனி அந்தஸ்து உண்டு, அவை பொருளைக் காட்டும் வேலையாட்கள் மட்டும் அல்ல என்ற பாடம் அங்கே கற்றது. அந்தப் பாடத்துக்கு உடம்பாக வந்த எழுத்தும் கட்டமும் இங்கே கிடைத்தவை. குருவின் பொருளை விட்டுவிட்டுக் குருவின் துணிச்சலை எடுத்துக்கொண்டார். 1966-ல், அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். பத்திக் துணி முதலிய கைத்தொழில்களால் சம்பாதித்து, அதைக் கொண்டே சித்திரத்தையும் வளர்த்தார்கள். பிறருடைய பாணியிலிருந்து மட்டுமல்ல, பிறருடைய தயவிலிருந்தும் விடுதலை பெற முயன்றார்கள் என்று சொல்லலாம்.

ஒரு பேச்சு, தேசபக்தர்களுக்கும் சொல்லி வைக்கிறோம். அஜந்தாவின் பாதி மூடிய கண்ணையும், சித்தன்னவாசலின் தாமரைத் தடாகத்தையும், காரணம் இல்லாமல் எடுத்து ஒட்டினால் அதுவும் இரவல்தான். சுதேசிக் காப்பி என்பதனால் அது காப்பி அல்லாமல் போய்விடாது. காப்பியைக் காலையில் குடிப்பதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

அப்படியானால் வீட்டில் வரையும் பிள்ளைகள் என்னதான் செய்வது? நமக்குத் தெரிந்த வழி இது. முதலில், பிடித்தமான ஓவியரின் படம் ஒன்றில் உள்ளங்கை அகலப் பகுதியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தீற்றலும் எந்தத் திசையில் போகிறது, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். நீலத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு வர்ணம் ஏன் அப்படிப் பளிச்சென்று ஜ்வலிக்கிறது என்பது பேசித் தெரியாது, போட்டால்தான் தெரியும். பிறகு அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட வேண்டும். இதுதான் கஷ்டமான காரியம். மூன்றாவதாக, வெளியே போக வேண்டும். அறுவடைக்குப் பிறகு நிற்கும் சோளத்தட்டுப் போர், வெள்ளலூர்ப் பக்கத்துக் குளத்தங்கரை, உச்சி வெயிலில் தண்டவாளத்துக்குமேல் நெளியும் கானல் எல்லாம் யாரும் எழுதித் தீர்த்துவிட்ட பொருள்கள் அல்ல. கடைசியாக, படத்தின் பின்புறத்தில், யாரிடம் கற்றோம் என்பதை இரண்டு வார்த்தை எழுதிவிட வேண்டும். கடனை ஒப்புக்கொள்ளுகிறவனை யாரும் திருடன் என்பதில்லை.

பிறகு என்ன நடந்தது என்று நேயர்கள் கேட்பார்கள். நாம் ஊருக்குத் திரும்புமுன் அந்தப் பெண் நட்சத்திரங்களின்மேல் சாம்பல் நிறத்தைப் பூசிக்கொண்டிருந்தாள். ஸைப்ரஸும் போய்விட்டது. மேகம் கணவாய்ப் பக்கமிருந்து தென்னைகளின் தலைக்குமேல் ஓடி வந்தது. படத்தில் வான் கோவின் அடையாளம் குறைந்தது. அவருடைய வலிமை கூடிற்று. அம்மாள் உள்ளேயிருந்து சொன்னது கலா விமரிசனத்தின் முதல் பாடம்: படத்தில் இருப்பது நம்ம தோப்பாக இருக்க வேண்டும். போட்டியில் பரிசு வந்ததா என்று நாம் விசாரிக்கவில்லை. கல்லூரிக்கு மனுப் பாரம் எங்கே கிடைக்கும் என்று தகப்பனார் விசாரித்தார்.

இனிமேல், குழந்தைகள் படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டும்போது, "அப்படியே இருக்கிறது" என்று சொல்லுவதற்கு முன்னால் நேயர்கள் சற்று நிதானிக்க வேண்டுகிறோம். "இதை நீ எங்கே பார்த்தாய்?" என்று கேளுங்கள். புத்தகத்தைக் காட்டினால், இன்னும் கொஞ்சம் அப்பியாசம் செய்யட்டும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால், தூரிகைக்கும் வர்ணத்துக்கும் கணக்குப் பார்க்காமல் பணம் கொடுங்கள்.