பரிசோதனைக்கு முன்னே கஞ்சாவா?

ஆட்டிசம் என்றாலே அது குழந்தைகளின் பிரச்சினை என்று நினைத்துப் பழகிவிட்டோம். அந்தக் குழந்தைகள் வளர்ந்து முப்பதையும் நாற்பதையும் தொடுவார்கள் என்பதும், சிறு வயதில் யார் கண்ணிலும் படாமலேயே பலர் வளர்ந்துவிட்டார்கள் என்பதும் இப்போதுதான் பேச்சுக்கு வருகின்றன. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஆட்டிசத்தைத் தனிக் குறைபாடாக ஏற்றது 1980இல். நன்றாகப் பேசுகிற, மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகளிடமும் அதன் கூறுகள் இருக்கலாம் என்பதை அஸ்பெர்கர் என்ற பெயரில் அது சேர்த்துக்கொண்டது 1994இல். 1985இல் மதுரையில் பிறந்து, வகுப்பில் முதல் வரிசையில் நின்ற ஒரு பிள்ளையை எந்த ஆசிரியரும் மருத்துவரிடம் அனுப்பியிருக்க மாட்டார். ‘யாரோடும் ஒட்ட மாட்டான்’, ‘அழுத்தக்காரி’ என்று சொல்லிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கும். வேலை கைநழுவும்போதோ, மணவாழ்க்கை முறியும் நிலைக்கு வரும்போதோ, தன் குழந்தைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லும்போதோதான் ‘நானும் அப்படித்தானோ?’ என்ற கேள்வி அவர்களுக்குள் எழுகிறது.

அந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் வேதனை உண்மையானது. மதுரை மாட்டுத்தாவணியில் பேருந்தின் ஏர் ஹாரன் அடிக்கும்போது மற்றவர்கள் முகம் சுளித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்; இவர்களுக்கு அந்த ஒலி உடம்புக்குள் புகுந்து அரை நாள் வேலையைக் கெடுத்துவிடும். கல்யாண மண்டபத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எந்தக் குரலைப் பிடிப்பது என்று தெரியாது. இரவில் தூக்கம் வராது. இத்தனையையும் வெளியே காட்டாமல் சமாளித்து நாளை ஓட்டிய களைப்பில், ‘கஞ்சா பதற்றத்தைக் குறைக்குமாமே, ஆட்டிசத்துக்கே வெளிநாட்டில் கொடுக்கிறார்களாமே’ என்ற பேச்சு காதில் விழுந்தால் மனம் அதை நோக்கிச் சாய்வதில் வியப்பில்லை. அப்படி யோசிப்பவரை ஒழுக்கம் கெட்டவராகப் பார்ப்பது தவறு. ஆனால் ஐயம் ஐயமாகவே இருக்கும்போது கஞ்சாவைத் தொடுவது, அவருக்கு வேண்டிய விடையையே எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். இந்தத் துறையில் முன்னே நிற்கும் நாடு இஸ்ரேல். அங்கே 2015 முதல் 2017 வரை கஞ்சா எண்ணெய் பெற்ற, ஆட்டிசம் உள்ள 188 பேரின் விவரங்கள் 2019இல் வெளியாயின. ஆறு மாதம் கழித்து மதிப்பிடப்பட்ட 93 பேரில் 28 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றமும் 50 பேருக்கு ஓரளவு முன்னேற்றமும் தெரிந்தன. உலகம் முழுக்கச் சுற்றிவருவது இந்தச் செய்திதான். ஆனால் அதில் வெற்று மருந்து பெற்ற ஒப்பீட்டுக் குழு இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க ஜெருசலேம் மருத்துவர் ஆதி ஆரன் குழுவினர் 5 முதல் 21 வயது வரையிலான 150 பேரிடம், யாருக்கு எது தரப்பட்டது என்று மருத்துவருக்கும் பெற்றோருக்கும் தெரியாதபடி ஓர் ஆய்வை நடத்தி 2021இல் வெளியிட்டார்கள். எந்த இரண்டை முதன்மை அளவுகோல்களாக அறிவித்துவிட்டுத் தொடங்கினார்களோ, அந்த இரண்டிலும் எண்ணெய்க்கும் வெற்று மருந்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாம் நிலை அளவுகோல் ஒன்றில், கட்டுக்கடங்காத நடத்தை நன்றாகக் குறைந்தவர்கள் எண்ணெய் பெற்றவர்களில் 49 விழுக்காடு, வெற்று மருந்து பெற்றவர்களில் 21 விழுக்காடு. தூக்கக் கலக்கம், பசியின்மை ஆகிய பக்கவிளைவுகளும் எண்ணெய் பெற்றவர்களிடமே கூடுதலாக இருந்தன. நம்பிக்கையை முற்றிலும் அணைத்துவிடும் முடிவல்ல இது. மருந்து என்று சொல்லிக் கையில் கொடுத்துவிடும் அளவுக்கு வலுவானதும் அல்ல.

வெற்று மருந்திலேயே ஐந்தில் ஒருவருக்கு நல்ல மாற்றம் தெரிந்தது என்பதைச் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும். ஆட்டிசம் சார்ந்த சிகிச்சை வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 1998இல் செக்ரெட்டின் என்ற குடல் சுரப்பு ஊசி அற்புதம் செய்கிறது என்ற செய்தி பரவியபோது பெற்றோர்கள் அதைத் தேடி அலைந்தார்கள்; ஒப்பீட்டு ஆய்வுகள் வந்ததும் அது வெற்று ஊசியைவிட மேலானதல்ல என்று தெரிந்தது. ஆக்ஸிடோசின் மூக்குத் தெளிப்பான் மீதும் பல ஆண்டுகள் நம்பிக்கை வைத்தார்கள். 2021இல் பெரிய ஆய்வொன்று பலன் இல்லை என்று முடித்துவைத்தது. நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும் நிலையில், கெட்ட நாளில் தொடங்கும் எந்தச் சிகிச்சையும் சில நாளில் பலித்ததுபோலத் தோன்றும். குழந்தையைப் பார்க்கும் பெற்றோருக்கே அந்த மயக்கம் வரும் என்றால், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் பெரியவருக்கு எவ்வளவு வரும்?

பெரியவர்களைப் பற்றிய ஆய்வுகள் மிகக் குறைவு. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 34 ஆண்களுக்கு, கஞ்சாவில் உள்ள சி.பி.டி. என்ற பொருளை ஒரே ஒரு வேளை 600 மில்லிகிராம் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஆட்டிசம் உள்ளவர்கள். மூளையைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் அளவு மற்றவர்களுக்குக் கூடியது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் குறைந்தது. ஒரு வேளை மருந்தை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனாலும் ‘என் நண்பனுக்கு ஒத்துக்கொண்டது, எனக்கும் ஒத்துக்கொள்ளும்’ என்ற நம்பிக்கைக்கு இது ஓர் எச்சரிக்கை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இஸ்ரேலில் கொடுக்கப்பட்டது, போதை தராத சி.பி.டி. இருபது பங்கும் போதை தரும் டி.எச்.சி. ஒரு பங்கும் கொண்ட, ஆய்வகத்தில் அளந்த எண்ணெய். மதுரையில் பொட்டலமாகக் கைமாறும் கஞ்சாவில் போதைப் பொருளே மேலோங்கியிருக்கும். எவ்வளவு இருக்கிறது, வேறு என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. பெயர்தான் ஒன்று, பொருள் வேறு. டி.எச்.சி. செறிந்த கஞ்சாவை நாள்தோறும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய்கள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 2019இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வு காட்டியது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அந்த நோய்கள் வரும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல். இணையத்தில் ‘விஜயா’ என்ற பெயரில் ஆயுர்வேத உரிமத்தோடு விற்கும் எண்ணெய்களை நம்புகிறவர்களும், அந்த உரிமம் ஆட்டிசத்துக்குப் பலன் தரும் என்ற சான்றிதழ் அல்ல என்பதை அறிந்துகொள்ள வேண்டும். சி.பி.டி.யும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. வலிப்பு மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை சிலவற்றின் அளவை உடம்பில் ஏற்றிவிடக்கூடியது.

‘ஆய்வு கிடக்கட்டும், எனக்கு உதவுகிறதே’ என்பது வலுவான மறுப்பு. அதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. முதல் சில வாரங்கள் தூக்கம் வரும், காதில் அறையும் இரைச்சல் மங்கும். ஆனால் தொடர்ந்து எடுப்பவர் ஒருநாள் நிறுத்திப் பார்த்தால் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, பசியின்மை ஆகியவை சில நாள்களுக்குள் வருகின்றன. கஞ்சாவை விடும்போது வரும் இந்தத் தொகுப்பு 2013 முதல் மருத்துவக் கையேட்டில் தனியாக இடம்பெற்றிருக்கிறது. எந்தத் துன்பத்துக்காக ஒருவர் கஞ்சாவிடம் போனாரோ அதே துன்பம் இப்போது கஞ்சா இல்லாததால் வருகிறது. அடுத்த முறை புகைத்ததும் தணிகிறது. ‘பார், இது இல்லாமல் முடியவில்லை, ஆட்டிசத்துக்கு இதுதான் மருந்து’ என்று அவர் முடிவு கட்டுவதில் அவருடைய தப்பு எதுவும் இல்லை. இரண்டையும் உள்ளிருந்து பிரித்தறிய முடியாது.

இங்கேதான் என் முக்கிய வாதம் வருகிறது. பெரியவர்களிடம் ஆட்டிசத்தைக் கண்டறிவதே கடினம். ஐம்பது கேள்விகள் கொண்ட ஏ.க்யூ. போன்ற இணையப் படிவங்கள் ஐயத்தை எழுப்பலாமே தவிர முடிவு சொல்லாது. சமூக அச்சம், கவனக்குறைவுக் கோளாறு, சிறு வயதுக் கொடுமையின் காயம் எல்லாம் அதே மதிப்பெண்ணைத் தரக்கூடும். குழந்தைப் பருவம் எப்படி இருந்தது என்று அம்மாவிடமும் அண்ணனிடமும் கேட்டு, இப்போதைய நடத்தையோடு ஒப்பிட்டுத்தான் மருத்துவர் ஒரு முடிவுக்கு வருகிறார். நாள்தோறும் கஞ்சா எடுப்பவரிடம் ஒதுங்கி இருப்பதும், பேச்சு தாமதமாவதும், முகத்தில் உணர்ச்சி குறைவதும் தெரிந்தால் எதை எதன் கணக்கில் எழுதுவது? 1893-94இல் ஆங்கில அரசு அமைத்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு மனநலக் காப்பகங்களின் பதிவேடுகளைத் துருவியபோது ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. நோய்க்குக் காரணம் ‘கஞ்சா’ என்று எழுதப்பட்டிருந்த பல இடங்களில், எந்த மருத்துவரும் விசாரித்து எழுதவில்லை. ஆளை அனுப்பிய போலீசார் தந்த குறிப்பை அப்படியே பெயர்த்து எழுதியிருந்தார்கள். நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஆபத்து இருக்கிறது. ஆட்டிசம் உள்ள ஒருவர் கஞ்சாவோடு மருத்துவமனைக்கு வந்தால் போதை மறுவாழ்வுப் பிரிவுக்கு அனுப்பப்பட்டு, அடியில் இருப்பது கடைசிவரை பெயரிடப்படாமலே போய்விடலாம்.

சட்டமும் சும்மா இருக்காது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், ஒரு கிலோவுக்குள் கஞ்சா வைத்திருந்தாலே ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. புகைத்ததற்கு மட்டும் ஆறு மாதம் வரை. ‘மருந்தாக எடுத்தேன்’ என்பது பொட்டலத்துக்குப் பதிலாகாது. ‘கஞ்சா வேட்டை’ என்ற பெயரிலேயே 2021 டிசம்பர் முதல் போலீஸ் நடவடிக்கை நடந்த மாநிலம் இது. கண்ணைப் பார்த்துப் பேச முடியாத, கேட்ட கேள்விக்கு உடனே பதில் வராத ஒருவர் சோதனைச் சாவடியில் நின்றால், அந்த இயல்பே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்கு இடம் உண்டே என்பார்கள். உண்டு, சுத்தி செய்து, அளவு பார்த்து, வேறு சரக்குகளோடு சேர்த்துத் தருவது அந்த முறை. பொட்டலத்தைப் பிரித்துப் புகைப்பதற்கு அந்த மரபு பொறுப்பேற்காது. டாஸ்மாக் கடை திறந்திருக்கும்போது கஞ்சாவுக்கு மட்டும் ஏன் தடை என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது, ஐ.நா. ஆணையம் 2020இல் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியபோது இந்தியாவும் ஆதரவாகத்தான் வாக்களித்தது. ஆனால் அது தண்டனைக் கொள்கை பற்றிய விவாதம். சாராயத்தைவிடத் தீங்கு குறைவு என்பதாலேயே ஒரு பொருள் ஆட்டிசத்துக்கு மருந்தாகிவிடாது.

‘பரிசோதனை, பரிசோதனை என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது?’ என்ற கேள்விக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். கே.கே. நகர் மதுரையின் மருத்துவப் பகுதிகளில் ஒன்று. 1992 முதல் மனநலப் பணி செய்யும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் இங்கேதான் இருக்கிறது. இவ்வளவு வசதியுள்ள ஊரில்கூட, பிறப்பு முதல் 18 வயது வரை என்று வகுக்கப்பட்ட அரசின் இளஞ்சிறார் நலத் திட்டத்தின் கதவு பத்தொன்பதாம் வயதில் சாத்திக்கொள்கிறது. ஆட்டிசத்தின் அளவைச் சான்றிதழுக்காகக் கணக்கிடும் நாற்பது கூறுகள் கொண்ட இந்திய அளவுகோல் 3 முதல் 22 வயது வரையிலானவர்களுக்காக உருவாக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, அரசு வேலையில் இடஒதுக்கீடும் தந்திருக்கிறது. நாற்பது வயதுக்காரர் அந்த உரிமையை எந்த அளவுகோலைக் கொண்டு கோருவார்? அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வாரத்துக்கு ஒரு நாள், பெரியவர்களின் ஆட்டிசத்துக்கென்று ஒரு புறநோயாளி நேரம் ஒதுக்கினால் தென் மாவட்டங்கள் முழுவதற்கும் அது பயன்படும். புதிய கட்டடம் வேண்டாம். பயிற்சி பெற்ற இரண்டு உளவியலாளர்களும் நிதானமாகக் கேட்க நேரமும் வேண்டும்.

அதுவரை காத்திருப்பவர் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் ஆட்டிசம் என்ற முடிவு வராமலேயே இன்றே சிகிச்சை பெறலாம். ஆட்டிசத்துக்கு ஏற்பச் சிந்தனை-நடத்தை சிகிச்சையை மாற்றித் தர வேண்டும் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012லேயே வழிகாட்டியது. பேருந்தில் காதடைப்பான், அலுவலகத்தில் மின்விளக்கின் நேர்கீழே இல்லாத இருக்கை, வாய்மொழியாகச் சொல்லும் வேலையை எழுத்தில் தரும்படி மேலதிகாரியிடம் கேட்பது ஆகியவற்றுக்குச் சீட்டே வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஏற்கெனவே கஞ்சா எடுத்துக்கொண்டிருப்பவர் அதை மறைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகக் கூடாது. எப்போது தொடங்கியது, வாரத்தில் எத்தனை நாள், நிறுத்தினால் என்ன ஆகிறது, அதற்கு முன்பே பள்ளி நாள்களில் எவையெல்லாம் இருந்தன என்பதை எழுதியே எடுத்துப்போகலாம். முன்பிருந்ததையும் பின்னால் வந்ததையும் பிரிக்க மருத்துவருக்கு அந்தத் தாள்தான் உதவும். நோயாளி சொன்னதை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. கஞ்சாவுக்கு அடிமையாகி, தானே முன்வந்து அரசு மருத்துவமனையில் சிகிச்சையை முடிப்பவருக்கு, சிறு அளவு தொடர்பான வழக்கிலிருந்து விலக்குத் தர 1985 சட்டத்திலேயே பிரிவு 64ஏ இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் பத்துப் பேர் காதுபட எதையும் சொல்ல வேண்டியதில்லை. அறைக்குள் மருத்துவரிடம் சொன்னால் போதும்.