ஆளுக்கு ஏற்ற துப்பாக்கி!

“சின்னப் பெண். அதனால் லேசான துப்பாக்கியாகப் பார்த்துக் கொடுங்கள்!”

பல தகப்பனார்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அது தவறு. அந்த லேசான துப்பாக்கியே அந்தச் சின்னப் பெண்ணின் தோளைப் பதம் பார்த்துவிடும்!

நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது கட்டபெட்டு. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அந்த ஊரில் 15 வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். ஐந்தடிக்கும் குறைவான உயரம். மெலிந்த உடம்பு. “நானும் துப்பாக்கி சுடப் பழக வேண்டும்” என்கிறாள். வீட்டார் என்ன செய்ய வேண்டும்?

சிரிக்கக் கூடாது. தடுக்கவும் கூடாது. சரியான துப்பாக்கி அவள் கைக்குக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டபெட்டில் துப்பாக்கி என்றதும் காட்டெருமை நினைவுக்கு வரும். தேயிலைக்குள் அது வந்து நிற்பது அங்கே புதிதல்ல. ஆனால் அதைச் சுட நமக்கு உரிமை கிடையாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. காட்டெருமை வந்தால் வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். நான் இங்கே பேசுவது குறி பார்த்துச் சுடும் விளையாட்டைப் பற்றி மட்டுமே.

துப்பாக்கி ஏன் உதைக்கிறது?

குண்டு முன்னால் பாய்கிறது. அதற்கு ஈடாக ஒரு தள்ளு பின்னால் வருகிறது. படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் நகர்கிறது அல்லவா? அதே கதைதான்.

இந்தத் தள்ளு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, குண்டின் எடையும் வேகமும். மற்றொன்று, துப்பாக்கியின் எடை. ஒரே தோட்டாவை இரண்டு துப்பாக்கிகளில் போட்டுச் சுடுங்கள். பாதி எடையுள்ள துப்பாக்கி இரண்டு மடங்கு வேகத்தில் தோளுக்கு வரும்!

இப்போது புரிகிறதா? “சின்ன ஆளுக்கு லேசான துப்பாக்கி” என்பது பெரிய தோட்டாவுக்குப் பொருந்தாத பேச்சு. குறைக்க வேண்டியது துப்பாக்கியின் எடையை அல்ல. தோட்டாவின் பலத்தைத்தான் குறைக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். வேட்டைக்காரர்களின் 12 போர் துப்பாக்கி ஒரு தடவைக்குச் சுமார் 32 கிராம் ஈயத்தை வீசும். ‘பாயிண்ட் 22’ ரைபிளின் குண்டு சுமார் இரண்டரை கிராம்தான். 12 போரின் தள்ளு அதைப்போல் பத்து மடங்குக்கும் மேலே!

ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டைச் சுடும் ‘டிராப்’ போட்டியிலும் 12 போர் துப்பாக்கிதான். புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது இந்தப் போட்டியில்தான். அங்கே தோட்டாவில் ஈயம் 24 கிராம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். உலக வீரர்களே 24 கிராமில் சுடுகிறார்கள். நம் குழந்தைக்கு 32 எதற்கு?

எண் பெரிது, வாய் சிறிது

போர் எண்ணில் பலர் ஏமாறுகிறார்கள். 20 போர் என்றால் 12 போரைவிடப் பெரியது என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒரு ராத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை சரியாக நுழையும் குழாய் 12 போர். 20 உருண்டைகளாக்கினால் 20 போர். உருண்டைகள் கூடக் கூட, குழாயின் வாய் சிறுக்கும். எனவே சிறிய உடம்புக்காரருக்கு 12-ஐவிட 20 போர் இதமானது. அதிலும் சிறிய தோட்டாவாகவே போட வேண்டும்.

கட்டையின் நீளம் முக்கியம்

பின்னால் இருக்கும் மரக்கட்டையை யாரும் கவனிப்பதில்லை. பெரியவர்களுக்கான துப்பாக்கியில் விசையிலிருந்து கட்டையின் முனை வரை சுமார் 14 அங்குலம் இருக்கும். குட்டைக் கைக்கு அது நீளம். பெண் முதுகை வளைத்துப் பின்னால் சாய்வாள். கட்டை தோள்குழியில் உட்காராது. புஜத்தின் எலும்பில் போய் நிற்கும். சுட்டதும் அங்கே நீலம் பாய்ந்துவிடும்.

இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. பயிற்சியாளர் முன்னிலையில், துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்த பிறகு செய்ய வேண்டும். கையை முழங்கையில் மடக்குங்கள். கட்டையின் முனையை மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரல் சிரமமில்லாமல் விசையை எட்டுகிறதா? எட்டினால் சரி. எட்டாவிட்டால் கட்டையைக் குறைக்க வேண்டும். இது தோராயச் சோதனைதான். ஆனாலும் பெரிய தவறு அகப்பட்டுவிடும்.

காதையும் மறக்க வேண்டாம். பலருக்கு உதையைவிடச் சத்தம்தான் பயம். காது அடைப்பான் இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுட விடாதீர்கள்.

எதில் தொடங்குவது?

என் யோசனை இதுதான். முதலில் ஏர் ரைபிள். பிறகு பாயிண்ட் 22. மற்றவை எல்லாம் அதற்கப்புறம்.

போட்டிக்கான ஏர் ரைபிளில் மருந்து இல்லை, அழுத்திய காற்றுதான். குண்டின் குறுக்களவு நாலரை மில்லிமீட்டர். உதை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இலக்கைப் பாருங்கள்! பத்து மீட்டர் தூரத்தில், அரை மில்லிமீட்டர் புள்ளி! அதைத் தொட்டால்தான் பத்து மதிப்பெண். உடம்பு பலம் அங்கே செல்லாது. மூச்சும் பொறுமையும்தான் வேண்டும்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்த ஏர் ரைபிளில்தான். ஜெய்ப்பூர் அவனி லேகரா சக்கர நாற்காலியில் அமர்ந்து சுடுகிறார். 2021-ல் டோக்கியோ பாராலிம்பிக்கில் தங்கம். 2024-ல் பாரிஸில் மறுபடியும் தங்கம். அதுவும் ஏர் ரைபிள்தான். உடம்பு சிறிதாயிற்றே என்று கவலைப்படுகிறவர்கள் இவர்களை நினைக்க வேண்டும்.

பள்ளியில் தேசிய மாணவர் படை இருந்தால் பாயிண்ட் 22 ரைபிளைப் பழகலாம். அந்தப் படை தொடங்கியது 1948-ல். அடுத்த ஆண்டே பெண்கள் பிரிவும் வந்துவிட்டது. ஆகவே ‘பெண்ணுக்குத் துப்பாக்கியா?’ என்ற கேள்விக்கு நாடு பதில் சொல்லி எழுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது!

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பாயிண்ட் 22-ஓ, 12 போரோ சொந்தமாக வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும். அதற்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். சிறுவர்கள் விதிப்படி, பயிற்சியில் மட்டும் சுடலாம். எந்தத் துப்பாக்கியானாலும் வீட்டில் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

முதல் தோட்டா

ஒரு வேண்டுகோள். சில இடங்களில் புதிதாக வந்த பிள்ளையிடம் பெரிய துப்பாக்கியைக் கொடுத்து வேடிக்கை பார்க்கிறார்கள். பிள்ளை தடுமாறினால் சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். இது பயிற்சியல்ல, கொடுமை.

அந்த ஓர் அடி தோளில் ஒரு வாரம் இருக்கும். மனதில் பல வருடம் இருக்கும். அடுத்த தடவை விசையைத் தொடும்போதே கண் மூடிக்கொள்ளும். தோள் சுருங்கும். குறி தவறும். “எனக்கு இது வராது” என்று பிள்ளை ஒதுங்கிவிடும். தவறு பிள்ளையுடையதல்ல. துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தவருடையது.

பயிற்சி கொடுக்கும் இடம் ஒவ்வொன்றிலும் கட்டை குட்டையான துப்பாக்கி ஒன்றாவது இருக்கட்டும். பெரிய செலவல்ல. செருப்பை அளவு பார்த்து வாங்குகிறோம். பள்ளிச் சீருடையை அளவெடுத்துத் தைக்கிறோம். துப்பாக்கிக்கு மட்டும் அளவு வேண்டாமா?

துப்பாக்கிக்காகப் பிள்ளையை வளைக்காதீர்கள். பிள்ளைக்கு ஏற்றபடி துப்பாக்கியை மாற்றுங்கள்!